டயரியை மூடி வையுங்கள் மிஸ்! – வீட்டு டியூஷன் கேள்வி பதில்

வீட்டில் டியூஷன் எடுப்பவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஃபீஸ் பற்றி. மீதிப் பாதியும் சுற்றி வளைத்து ஃபீஸ் பற்றித்தான்! ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டு, முக்கியமானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். சில பதில்கள் நீளம், சிலது ஒரு வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் படித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. இப்போது பையன் யு.கே.ஜி. போகிறான். வீட்டிலேயே டியூஷன் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எந்த வகுப்பு வரை எடுக்கலாம், எத்தனை பேரைச் சேர்க்கலாம், முதலில் என்ன வாங்கி வைக்க வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

எம்.எஸ்சி. என்பது கேட்டில் மாட்டுகிற போர்டுக்கு நல்லது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க அந்தப் பட்டம் போதாது. அதற்குப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அது பென்சிலை எங்கே நிறுத்துகிறது என்று பார்க்கிற பொறுமை வேண்டும். அது இருக்கிறதா என்று உங்கள் பையனிடமே சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், சொந்தப் பிள்ளையிடம் யாருக்கும் பொறுமை இருக்காது.

முதல் வருஷம் ஒன்று முதல் ஐந்து வரை, அல்லது ஆறு முதல் எட்டு வரை, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே ஹாலில் உட்கார வைக்காதீர்கள். சின்னது வாய்விட்டுப் படித்தால்தான் படிக்கும், பெரியதுக்கு அந்தச் சத்தத்தில் கணக்கு ஓடாது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். 'சும்மா உட்காந்திருக்கட்டும் மிஸ், வீட்ல இருந்தா டி.வி.தான்' என்பார்கள். அது டியூஷன் இல்லை, பிள்ளை பார்த்துக்கொள்வது. செய்வதாக இருந்தால் அதற்குத் தனி நேரம், தனி ஃபீஸ்.

எத்தனை பேர் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒன்றரை மணி நேரம் என்றால் 90 நிமிடம். 8 பேர் இருந்தால் தலைக்கு 11 நிமிடம் கிடைக்கும். 15 பேர் என்றால் 6 நிமிடம். 6 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நோட்டைத் திறந்து, தேதி போட்டு, டிக் அடிக்கத்தான் நேரம் இருக்கும். அதனால் ஒரு பேட்ச்சுக்கு எட்டு, மிஞ்சிப்போனால் பத்து. கூட்டம் வந்தால் இரண்டாவது பேட்ச் போடுங்கள், அதே பேட்ச்சில் திணிக்காதீர்கள்.

வாங்கி வைக்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைப் பலகை, நல்ல வெளிச்சம், பாய், கட்டம் போட்ட நோட்டு சில. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட நோட்டில் கணக்குப் போடச் சொல்லிப் பாருங்கள், ஒன்றும் பத்தும் நூறும் நேராக நிற்பதாலேயே பாதித் தப்பு குறையும். அப்புறம் பழைய பாடப்புத்தகங்கள். இதுதான் முக்கியம். நான்காம் வகுப்புப் பிள்ளை வந்தால் உங்கள் கையில் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் புத்தகமும் இருக்க வேண்டும். சமச்சீர் பாடத்திட்டத்தில் கீழ் வகுப்புகளுக்குப் பருவத்துக்கு ஒரு புத்தகம் என்பதால் பருவம் முடிந்ததும் அதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், கேட்டால் ஒரு வீட்டிலும் இருக்காது. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகவே இருக்கிறது. வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஹால் உங்களுடையது என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். மாமனார் நியூஸ் பார்க்கிற நேரமும் டியூஷன் நேரமும் ஒன்றாக இருந்து மூடப்பட்ட டியூஷன்கள் பல உண்டு.

கேள்வி: இரண்டு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன், 14 பிள்ளைகள். பள்ளி டயரியில் இருக்கும் ஹோம்வொர்க்கை முடித்து, மறுநாள் டெஸ்ட்டுக்குப் படிக்க வைக்கவே மணி ஏழரை ஆகிவிடுகிறது. இவ்வளவு செய்தும் காலாண்டில் மார்க் ஏறவில்லை என்று அம்மாக்கள் முகத்தைத் தூக்குகிறார்கள். இரண்டு பேர் நின்றும் விட்டார்கள். நான் என்ன செய்ய?
– வாசகி, நாமக்கல்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போடலாம் என்று நினைத்தேன். டியூஷன் எடுக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிற பிரச்சினை இது. நேராகவே சொல்கிறேனே, நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது டியூஷனே இல்லை. பள்ளிக்கூடம் மூன்று மணி வரை செய்கிற வேலையின் மிச்சத்தை ஐந்து மணிக்கு மேல் சம்பளம் இல்லாமல் முடித்துக் கொடுக்கிறீர்கள். ஹோம்வொர்க் முடிந்தால் பள்ளிக்கு சந்தோஷம், அம்மாவுக்கு நிம்மதி. பிள்ளைக்குத் தெரியாத விஷயம் தெரியாமலேயே இருக்கிறது.

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற பையனிடம், அந்தப் பாடத்தை விட்டுவிட்டு, -3 - 5 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் 8 என்பார்கள். ஏன் என்றால் 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்பார்கள். பெருக்கலுக்குச் சொல்லிக் கொடுத்த சூத்திரத்தை அவன் பார்க்கிற எல்லா மைனஸுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறான். இவன் தடுக்கி விழுந்தது ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ. அதைச் சரி பண்ணாமல் காரணிப்படுத்துதலை எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் நிற்காது. மூன்று ரூபாய் கடன், மேலும் ஐந்து ரூபாய் கடன், மொத்தம் என்ன என்று கேளுங்கள், அவனே எட்டு ரூபாய் கடன் என்பான். ஒரு வாரம் இதிலேயே நில்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் 403 - 178 கொடுத்துப் பாருங்கள். விடை 225. ஆனால் 375 என்று எழுதுகிற பிள்ளை ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கும். தப்புக் கோடு போட்டு, 'கவனமா போடு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை கவனமாகத்தான் போட்டிருக்கிறது. 3இல் 8 போகாது, அதனால் 8இல் 3ஐக் கழித்து 5. 0இல் 7 போகாது, 7இல் 0ஐக் கழித்து 7. 4இல் 1 போனால் 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொன்னதை அது அப்படியே விடாமல் பின்பற்றுகிறது, அவ்வளவுதான். இந்தத் தப்பு கவனக்குறைவு இல்லை, இடமதிப்பு புரியவில்லை என்று கண்டுபிடிக்க 11 நிமிடம் போதும். நான்கு நூறு ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து (விளையாட்டுப் பணம் போதும், கடையில் கிடைக்கும்) 'எனக்கு 178 ரூபாய் குடு' என்று சொல்லுங்கள். நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது என்று அதுவே சொல்லும். அதுதான் கடன் வாங்கிக் கழித்தல். அப்புறம் 500 - 236, 702 - 345 என்று நடுவில் பூஜ்யம் வருகிற கணக்காகப் பத்து.

1984இல் பெஞ்சமின் புளூம் என்கிற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். தனியாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட மாணவர்களில் சராசரியாக இருந்தவர், வழக்கமான வகுப்பில் படித்த 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்றார். அந்த எண் ரொம்ப அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், அது கிடக்கட்டும். அவர் சோதனையில் தனியாகச் சொல்லிக் கொடுத்தது மட்டும் இல்லை, ஒன்று தேறாமல் அடுத்ததற்குப் போகவும் விடவில்லை. நம் ஊர் டியூஷனில் முதல் பாதியைச் செய்கிறோம், இரண்டாவது பாதியை டயரி செய்ய விடுவதில்லை.

சரி, நாளைக்கு என்ன செய்வது? பிள்ளை வந்ததும் டயரியைத் திறக்காதீர்கள். முதல் 40 நிமிடம் உங்களுடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதில் வேலை. தாய்மொழியில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாய்விட்டு வாசிக்கச் சொல்வது, ஐந்து வரி சொல்லச் சொல்ல எழுத வைப்பது, நாலு கணக்கு. மீதி 50 நிமிடத்தில் ஹோம்வொர்க். அதையும் அவர்களே செய்ய வேண்டும், மாட்டிக்கொண்டால் மட்டும் உங்களிடம் வரட்டும். முடியாதது வீட்டுக்குப் போகட்டும். முதல் இரண்டு வாரம் அம்மாக்கள் கத்துவார்கள்.

அதற்குத்தான் ஒரு தனி நோட்டு போடச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் 40 பக்க நோட்டு ஒன்று, அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் வாரம் எழுதிய ஐந்து வரியும் போட்ட நாலு கணக்கும் தேதியோடு அதில் இருக்க வேண்டும். தப்பை அழிக்க விடாதீர்கள், ரப்பருக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு மாதம் கழித்து அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது முதல் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் காட்டுங்கள். மார்க் ஏறுவதற்கு முன்னால் அந்த நோட்டில்தான் தெரியும். இன்னொன்று, 14 பேர் அதிகம். நின்றுபோன இரண்டு பேர் இடத்தில் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீடு, எதிர் வீடு, நாத்தனார் பிள்ளை என்று தெரிந்தவர்களாகவே டியூஷனுக்கு வருகிறார்கள். ஃபீஸ் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டாலும் 'அடுத்த மாசம் சேத்துத் தரேன்' என்கிறார்கள். பிள்ளைக்கு 500 ரூபாய்தான் வாங்குகிறேன், அதுவும் அதிகமோ?
– வாசகி, கும்பகோணம்

அதிகமா? மாதம் 22 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 33 மணி நேரம். 500ஐ 33ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 15 ரூபாய். இந்தக் காலத்தில் 15 ரூபாய்க்கு டீக்கடையில் ஒரு டீயும் வடையும் கூடச் சேர்ந்து வராது. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு அதற்கு ஏற்ப வையுங்கள், ஆனால் குறைத்து வாங்கினால் கூட்டம் வரும் என்று மட்டும் குறைக்காதீர்கள். குறைத்தால் கூட்டம் வரும்தான், 15 பேர், தலைக்கு 6 நிமிடம்.

இன்னொரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 10 பேர், 500 ரூபாய் என்றால் மாதம் 5,000. ஆனால் வருஷத்துக்கு 60,000 இல்லை. பரீட்சை முடிந்ததும் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், மே மாதம் யாரும் வர மாட்டார்கள், ஜூனில் புத்தகம் வரவில்லை மிஸ் என்று தள்ளிப் போடுவார்கள். பத்து மாத வருமானத்தில்தான் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். ஃபீஸ் வைக்கும்போதே அதை நினைத்து வையுங்கள். மேயில் விடுமுறை வகுப்பு என்று கையெழுத்து, வாய்ப்பாடு, தமிழ் வாசிப்பு மட்டும் காலையில் ஒரு மணி நேரம் எடுத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

கேட்பதைப் பற்றி. ஃபீஸ் முன்கூட்டியே, ஐந்தாம் தேதிக்குள். சேர்க்கிற அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், சொன்னதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட வேண்டும். பாதியில் ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏழாம் தேதி ஆனால் 'அக்கா, இந்த மாசம் ஃபீஸ் வரல, பாத்துக்கோங்க' என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். பிள்ளையிடம் கேட்டு விடாதீர்கள். 'உங்க அம்மாவ ஃபீஸ் குடுக்கச் சொல்லு' என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் சொல்வது மாதிரி மோசமானது ஒன்றும் இல்லை. கணக்கு பெரியவர்களுக்குள் இருக்க வேண்டியது.

நாத்தனார் பிள்ளைக்கு ஃபீஸ் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள், மனசுக்குள் புழுங்கிக்கொண்டு ஓசியில் எடுத்தால் அந்தப் பிள்ளைமேல்தான் எரிச்சல் வரும். நிஜமாகவே கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை ஒன்றிரண்டு வரும். சேர்த்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் வீட்டில் சில பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

கூடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28ஆவது பிரிவு, எந்த ஆசிரியரும் தனிப்பட்ட முறையில் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. 2010 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. 'அண்ணன் வீட்டில் வைத்து, மனைவி பெயரில்' என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கும் பதில் இதேதான்.

கேள்வி: பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்கே போய் டியூஷன் எடுக்கிறேன். இப்போது மூன்று வீடு. ஒரு ஏஜென்சி மூலம் கிடைத்தது, முதல் மாத ஃபீஸில் பாதியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், சென்னை

ஏஜென்சி கமிஷனை விடுங்கள், முதல் வீடு கிடைக்க ஒரு தடவை கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். மாதா மாதம் கேட்டால் மட்டும் விலகிவிடுங்கள். நல்லபடியாக ஒரு வீட்டில் எடுத்தால் அடுத்த இரண்டு வீடு அதே அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் பேசிப் பேசியே வந்துவிடும். முடிந்தவரை ஒரே குடியிருப்பில், அல்லது நடந்து போகிற தூரத்தில் பிடியுங்கள். வேளச்சேரியில் ஒன்று, போரூரில் ஒன்று என்று எடுத்தால் சம்பாதிப்பது முழுக்க பெட்ரோலுக்கும் சிக்னலுக்கும்.

முக்கியமானது வேறு. வீட்டில் பெரியவர் யாராவது இருக்கும்போது மட்டும் போங்கள். ஹாலில் உட்காருங்கள், அறை என்றால் கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோர் 'நாங்க கடைக்குப் போய்ட்டு வந்துடறோம் சார்' என்றால், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். பையனாக இருந்தாலும் பெண் பிள்ளையாக இருந்தாலும் இதேதான். பிள்ளையின் போனுக்கு மெசேஜ் போடாதீர்கள், எது சொல்வதாக இருந்தாலும் அம்மா அல்லது அப்பா எண்ணுக்கு. இது உங்களைச் சந்தேகப்படுவதற்காகச் சொல்வது இல்லை. பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. இதைப் படிக்கிற பெற்றோரும் கேட்டுக்கொள்ளுங்கள், டியூஷன் சார் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளை டியூஷன் போக மாட்டேன் என்று அழுதால் அடித்து அனுப்புவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்ஸோ சட்டம் 2012லிருந்து இருக்கிறது. உதவி வேண்டுமென்றால் 1098 என்கிற எண்ணும் இருக்கிறது.

இதோடு சம்பந்தம் இருக்கிற இன்னொன்று. ஒரு தட்டு, ஒரு காது திருகல்கூட வேண்டாம். 'நாலு போடு போடுங்க சார், அப்பதான் படிப்பான்' என்று அப்பாவே சொல்வார். சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பி.ஏ. தமிழ் படித்தவள், தமிழ் மீடியம். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். பிள்ளைகள் என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். இப்போது சொந்தமாக டியூஷன் தொடங்கினால், சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் அம்மாக்கள் 'நீங்க இங்கிலீஷ்ல பேசுவீங்களா' என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

'பேச மாட்டேன், ஆனா உங்க பிள்ளைக்குப் புரிய வெப்பேன்' என்று சொல்லுங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும்.

உங்களிடம் இருக்கிற அனுபவம் சாதாரணமானது இல்லை. 2021இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது கொரோனாவில் ஒன்றரை வருஷம் பள்ளியே பார்க்காத பிள்ளைகளை, வேறு வேறு வகுப்புப் பிள்ளைகளை, ஒரே திண்ணையில் உட்கார வைத்துச் சமாளித்தவர் நீங்கள். எம்.எஸ்சி. படித்தவர்கள் பலருக்கு அது வராது. ஆங்கிலத்தில் இருக்கிற கணக்கைத் தமிழில் விளக்குவதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை வீட்டில் தமிழ்தான் பேசுகிறது, யோசிப்பதும் தமிழில்தான். ஆனால் கணக்கில் வருகிற ஆங்கில வார்த்தைகள் பிள்ளைக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மற்றதைத் தமிழில் புரியவைத்துவிட்டு, கடைசியில் அதே விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு பாடம் முன்னால் ஓடுங்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் படிக்கிற என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். 2023லிருந்து ஒவ்வொரு வகுப்பாகப் புத்தகத்தையே மாற்றி வருகிறார்கள், அதனால் யாரோ கொடுத்த பழைய கைடை நம்பாதீர்கள், புதிய புத்தகத்தையே எடுத்து வையுங்கள். மத்தியானம் அரை மணி நேரம் அடுத்த பாடத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள். தெரியாததைப் பிள்ளை கேட்டால் 'நாளைக்குப் பாத்துச் சொல்றேன்' என்று சொல்லி மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போதும். அப்புறம் தமிழ்! சி.பி.எஸ்.இ., மெட்ரிக் வீடுகளில் தமிழ்தான் பெரிய தலைவலி. ற/ர, ண/ன/ந, ல/ள/ழ எழுதத் தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். தமிழ் வாசிப்பு, எழுத்து மட்டும் வாரத்தில் மூன்று நாள் என்று போர்டு போடுங்கள், யாரும் உங்கள் இங்கிலீஷைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: டியூஷனுக்கு வருகிற ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கை மனசிலேயே போட்டுச் சொல்லிவிடுகிறான். பேச்சும் கெட்டிக்காரத்தனம். ஆனால் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் திணறுகிறான், எழுதினால் எழுத்து இடம் மாறுகிறது. போர்டில் இருந்து எழுதினாலும் தப்பு. அவன் அம்மா சோம்பேறி என்று அடிக்கிறார். நான் என்ன செய்ய முடியும்?
– வாசகி, சிவகாசி

முதலில் கண் டாக்டர். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். காதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அதில் ஒன்றும் இல்லை என்றால், இவ்வளவு கெட்டிக்காரப் பையனுக்கு எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியா என்று பெயர் சூட்டுகிற வேலை நம்முடையது இல்லை, அதற்கு முறையான பரிசோதனை இருக்கிறது. பெரிய ஊர்களில் மனநல மருத்துவர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் செய்கிறார்கள். மதுரை உங்களுக்குப் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் வந்து அலைவதைவிட இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். 'உங்க பையனுக்கு ஏதோ பிரச்சினை' என்று ஆரம்பித்தால் மறுநாள் அவன் டியூஷனுக்கு வர மாட்டான். அவன் மனசில் போட்ட கணக்கைப் பற்றி முதலில் சொல்லுங்கள். 'இவ்ளோ வேகமா கணக்கு போடற பையன் சோம்பேறியா இருக்க முடியாதுக்கா, வாசிக்கறதுல மட்டும் எங்கயோ சிக்குது, ஒரு தடவ காட்டிடுவோமே' என்று சொல்லிப் பாருங்கள். அதுவரைக்கும் டியூஷனில் அவனை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, பதிலை வாயால் வாங்குங்கள்.

கேள்வி: என் மகளையும் அதே பேட்ச்சில் உட்கார வைக்கலாமா?
– வாசகி, ஓசூர்

வேண்டாம். ஒன்று, அவளை மட்டும் அதிகமாகத் திட்டுவீர்கள். அல்லது அவளைத்தான் கவனிக்கிறீர்கள் என்று மற்ற அம்மாக்கள் சொல்வார்கள். நாலு தெரு தள்ளி வேறு டியூஷன் மிஸ் இருந்தால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளுங்கள், அவர் பிள்ளை உங்களிடம், உங்கள் பிள்ளை அவரிடம்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் பையன், ஸ்டேட் போர்டு. அரையாண்டில் கணக்கில் 19 மார்க். ஜனவரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு 'பாஸ் மட்டும் பண்ண வெச்சிடுங்க சார்' என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஓட்டையை அடைத்துவிடுங்கள், டயரியை மூடுங்கள் என்று சொன்னதெல்லாம் ஜூனில் வருகிற பிள்ளைக்கு. ஜனவரியில் வருகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை, அதை அப்பா அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வித்தாளைப் பாருங்கள். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. மொத்தம் 100, பாஸ் 35. அந்த எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். இரண்டும் சேர்ந்து 16. இவற்றுக்குப் பெரிய இயற்கணிதம் எல்லாம் வேண்டாம், கை பழகினால் போதும். ஒத்த முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, இருபடிச் சமன்பாட்டுக்கு அட்டவணை போட்டு வளைகோடு வரைவது, தினமும் ஒன்று வரைய வையுங்கள். வரைபடத்தில் அட்டவணையில் மைனஸ் வருகிற இடத்தில்தான் சறுக்குவான், மேலே சொன்ன மூன்று ரூபாய் கடன் கதை அங்கே உதவும். அளவுத்திட்டம் எழுதுவது, உதவிப் படம் போடுவது, இதையெல்லாம் விட்டுவிட்டு மார்க்கைக் கோட்டை விடுவார்கள். அப்புறம் ஒரு மார்க், பாடத்தின் பின்னால் இருக்கிற கேள்விகள் முழுவதும். அங்கே பத்து வந்தால் 26. மீதி 9 மார்க்குக்கு உறவுகளும் சார்புகளும், நிகழ்தகவு, புள்ளியியலில் திட்டவிலக்கம். அந்தப் பாடங்களில் சூத்திரம் தெரிந்தால் பாதிக் கணக்காவது நகரும்.

பென்சில் சீவி வைத்திருக்கிறானா, காம்பஸில் திருகு ஆடாமல் இருக்கிறதா என்பதையும் நீங்களேதான் பார்க்க வேண்டியிருக்கும். ஆடுகிற காம்பஸ்தான் நிறையப் பையன்களிடம் இருக்கிறது, வட்டம் தொடங்கின இடத்தில் வந்து முடியவே முடியாது. புதிதாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள். ஃபீஸை மார்ச் வரைக்கும் மொத்தமாக முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பரீட்சை ஆரம்பித்த பிறகு கேட்டால் ரிசல்ட் வரட்டும் சார் என்பார்கள்.